எக்காளக்கா விடுபட்டுப்போன அரை மணி நேரம்

உலகம் இன்னும் முடியவில்லை என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், எங்கள் ஆபீசில் நீங்கள் வேலை பார்த்ததில்லை என்று அர்த்தம். செல்லூரில் ஒரு பார்சல் சர்வீஸ் கிளையில் நான் குப்பை கொட்டிய ஆறு வருஷத்தில் உலகம் குறைந்தது பதினோரு தடவை முடிந்தது. பதினோரு தடவையும் அதை முதலில் கண்டுபிடித்து, மாடிப்படி ஏறி வந்து, மூச்சு வாங்க அறிவித்தவர் ஒரே ஆள்தான். எக்காளக்கா.

அவருக்கு ஆபீஸ் ரிஜிஸ்டரில் வேறு பேர் இருந்தது. அந்தப் பேரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கடைசி நாளில் வானத்திலிருந்து எக்காளம் ஊதும், நல்லவர்களை எல்லாம் கர்த்தர் கண் இமைக்கும் நேரத்தில் மேலே எடுத்துக்கொள்வார், மிச்சப் பேர் இங்கேயே கிடந்து சீரழிவார்கள் என்பது அவர் சபையின் போதனை. அதை எங்களுக்கு வாரத்தில் நாலு நாளாவது ஞாபகப்படுத்துவார். "எக்காளம் ஊதப்போகுது தம்பி" என்பதுதான் அவருடைய காலை வணக்கம். எக்காளமும் அக்காவும் ஒட்டிக்கொண்டு எக்காளக்கா ஆனது லோடுமேன் முனியாண்டியின் கைங்கரியம். அக்கா அதற்குக் கோபித்துக்கொள்ளவில்லை. வேதத்தில் உள்ள வார்த்தைதானே என்று விட்டுவிட்டார்.

வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. வெள்ளைச் சேலை. காதிலும் கழுத்திலும் பொட்டுத் தங்கம் கிடையாது. கல்யாணமான ஐந்தாம் வருஷமே கணவர் போய்விட்டார், பிள்ளை இல்லை. ஆபீசிலிருந்து ரெண்டு தெரு தள்ளி ஓர் அறை வீட்டில் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன சபையில் இருப்பார். திங்கள் முதல் சனி வரை எங்கள் புக்கிங் கவுண்டரில் இருப்பார். செல்லூர்த் தறிகளில் நெய்த துண்டும் லுங்கியும் பண்டல் பண்டலாக அந்தக் கவுண்டர் வழியாகத்தான் ஊர் ஊராகப் போகும். எந்த ஊர்ப் பேரைச் சொன்னாலும் பின்கோடு அவர் வாயில் தயாராக இருக்கும். இப்படி ஒரு கெட்டிக்காரிக்கு உலகம் மட்டும் எப்போதும் அடுத்த வாரமே முடிவதாக இருந்தது.

முதல் முடிவு பார்கோடு வடிவில் வந்தது. அதுவரை பண்டலில் மை தொட்டு விலாசம் எழுதினோம். திடீரென்று லேபிள் அடிக்கும் மெஷினும், சிவப்பு விளக்கு அடிக்கும் துப்பாக்கி மாதிரி ஒன்றும் வந்து இறங்கின. எக்காளக்கா ஒரு லேபிளை வீட்டுக்கு எடுத்துப்போய், ராத்திரி முழுக்க வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் கண் சிவக்க வந்தார். கடைசி காலத்தில் ஒரு மிருகம் எழும்பும், அதன் முத்திரை வலது கையிலோ நெற்றியிலோ இல்லாதவர் எதையும் வாங்கவும் முடியாது விற்கவும் முடியாது, அதன் எண் அறுநூற்று அறுபத்தாறு என்று எங்களுக்கு விளக்கினார். லேபிளின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் உள்ள நீளக் கோடுகள்தான் அந்த மூன்று ஆறு என்றார். எங்கள் லேபிளில் நீளக் கோடே கிடையாது, எல்லாம் ஒரே உயரம். நான் ஸ்கேலை வைத்து அளந்து காட்டினேன்.

"மறைச்சு வச்சிருக்கான் தம்பி" என்றார்.

எங்கள் மேனேஜர் காலையில் கற்பூரம் காட்டாமல் கம்ப்யூட்டரைக்கூடத் திறக்கமாட்டார். சாது. பண்டல் மேல்தானே ஒட்டுகிறோம், மனுஷன் மேலா ஒட்டுகிறோம் என்று அக்காவைச் சமாதானப்படுத்தினார். இன்றைக்குப் பண்டல், நாளைக்கு என்ன என்று அக்கா திருப்பிக் கேட்டார். நாளைக்கு வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. அன்று மத்தியானமே, முனியாண்டி ஒரு பெரிய பண்டலைத் தலையில் சுமந்து லாரியில் ஏற்றிவிட்டு மாடிக்கு வந்தார். வியர்வையில் கழன்ற லேபிள் அவர் நெற்றியில் திருநீற்றுப் பட்டை மாதிரி அழுத்தமாக உட்கார்ந்திருந்தது. அவருக்கு அது தெரியாது.

எக்காளக்கா நிமிர்ந்து பார்த்தார். கையிலிருந்த பேனா விழுந்தது. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சத்தமே போடாமல், நாற்காலியோடு பின்னால் நகர்ந்து நகர்ந்து போய்ச் சுவரில் முட்டி நின்றார்.

"ஒட்டிட்டாங்க" என்றார், காற்றுப் போன குரலில். "நெத்தியிலயே ஒட்டிட்டாங்க."

கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த செல்வி குறும்புக்காரி. சிவப்பு விளக்குத் துப்பாக்கியை எடுத்து முனியாண்டியின் நெற்றிக்கு நேராகப் பிடித்து அமுக்கினார். அது பீப் என்றது. திரையைப் பார்த்து, ஈரோடு, சாதா டெலிவரி என்று வாசித்தார். தன்னை எதற்கு ஈரோட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று முனியாண்டிக்கு விளங்க ரொம்ப நேரம் பிடித்தது. அதற்குள் எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துவிட்டது.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. மத்தியானம் சாப்பிடவும் இல்லை. முனியாண்டியை ஓரமாக உட்காரவைத்து, தன் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து, நெற்றியில் பசை போகும்வரை தேய்த்துத் துடைத்தார். கருப்பசாமிக்குக் கிடா வெட்டும் கை, காதுவரை மீசை, அவர் ஊரான கீழக்குயில்குடியில் அவர் குரல் கேட்டால் நாய்கூட ஒதுங்கும் என்பார்கள். அந்த ஆள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் பிள்ளை மாதிரி முகத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பின் எது வந்தாலும் அது முடிவுதான். சுவரில் கேமரா வந்தது: எல்லாவற்றையும் பார்க்கும் கண். லாரியில் ஜிபிஎஸ் வந்தது: லாரி எங்கே நிற்கிறது என்று ஹெட் ஆபீசுக்குத் தெரிகிறதென்றால், மனுஷன் எங்கே நிற்கிறான் என்று தெரிய எம்புட்டு நேரமாகும்? எதிர்த்த டீக்கடையில் க்யூஆர் அட்டை தொங்கியதும் அக்கா அந்தக் கடையில் டீ குடிப்பதை நிறுத்தினார். நாலு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை பேயறைந்த மாதிரி வந்தார். முந்தின நாள் ஜெபம் முடிந்து காணிக்கைப் பை வந்திருக்கிறது. பையின் மேலேயே அதே கட்டம் போட்ட அட்டை தைத்திருக்கிறது. சபையில் எல்லோரும் செல்போனை எடுத்துப் பைக்கு நேரே காட்டியிருக்கிறார்கள். பாஸ்டரிடம் போய் நியாயம் கேட்டதற்கு, சில்லறைத் தொந்தரவு இல்லை சிஸ்டர் என்றாராம். அக்கா மறுபடி டீக்கடைக்கு வரத் தொடங்கினார். கேட்டதற்கு, எல்லா இடத்துக்கும் வந்தாச்சு, டீ என்ன பாவம் செஞ்சது என்றார்.

ஆனால் கைரேகை மெஷின் வந்தபோது அவர் அசைந்து கொடுக்கவில்லை. ஹெட் ஆபீஸ் உத்தரவு: காலையும் மாலையும் எல்லோரும் கட்டை விரல் வைக்க வேண்டும். வலது கைக் கட்டை விரல். வேதத்தில் சொன்னபடியே வலது கை. ஆதாருக்குப் பத்து விரலும் வைத்தீர்களே அக்கா என்று செல்வி மடக்கினார். அப்போது தனக்கு இந்த வெளிச்சம் கிடைக்கவில்லை என்றார் அக்கா. பத்து நாள் விரல் வைக்கவில்லை. பத்து நாளும் ஹெட் ஆபீஸ் கணக்கில் அவர் ஆப்சென்ட். மேனேஜருக்கு ஹெட் ஆபீஸ் போன் என்றாலே எழுந்து நின்றுதான் பேச வரும். அந்தப் பத்து நாளில் மனுஷன் உட்காரவே இல்லை.

பதினோராம் நாள், மூன்று நாள் உபவாசம் முடித்து வந்த அக்கா, மெஷின் மாட்டிய மெக்கானிக்கை வரச் சொன்னார். இடது கைச் சுண்டு விரலை நீட்டினார். மெக்கானிக் திகைத்துப்போய் மேனேஜரைப் பார்த்தார்.

"வலது கைன்னுதான் தெளிவாச் சொல்லியிருக்கு. எடது கையப் பத்தி ஒரு வார்த்தை கெடையாது" என்றார் அக்கா. "பதிஞ்சுக்கங்க."

வேடிக்கை என்னவென்றால், கயிறு இழுத்து இழுத்து ரேகையே தேய்ந்துபோன லோடுமேன்களின் கட்டை விரலை அந்த மெஷின் ஒரு நாளும் ஒழுங்காக ஏற்றதில்லை. முனியாண்டி பத்துத் தடவை அழுத்துவார், மெஷின் பத்துத் தடவையும் அவர் இன்னும் பிறக்கவே இல்லை என்கிற மாதிரி சிவப்பு விளக்கைக் காட்டும். எக்காளக்காவின் சுண்டு விரலை மட்டும் தொட்டவுடனே பச்சை விளக்குப் போட்டு, ஒரு பெண் குரலில் தேங்க் யூ என்று சொல்லும். உன் தேங்க்ஸ் ஒண்ணும் எனக்கு வேணாம் என்று அக்கா அதனிடம் தினமும் ரெண்டு வேளை சொல்லிவந்தார்.

அந்த லோடுமேன் விரல்களால்தான் அடுத்த வினை வந்தது. விரல் சரிப்பட்டு வரவில்லை என்று ஹெட் ஆபீஸ் அந்த மெஷினைக் கழற்றிவிட்டு, முகத்தைப் பார்த்து வருகை பதியும் மெஷினை அனுப்பியது. முகம் என்றால் கண், மூக்கு, முக்கியமாக நெற்றி. வேதத்தில் சொன்ன இன்னோர் இடம். இதில் இடது வலது கிடையாது. எல்லோருக்கும் ஒரு நெற்றிதான்.

அக்கா முந்தானையைப் புருவம் வரை இழுத்துவிட்டு அதன் முன் நின்று பார்த்தார். முகத்தைக் காணோம் என்றது மெஷின். இன்னும் கொஞ்சம் தூக்குங்கக்கா என்று மெக்கானிக் கெஞ்சினார். அக்கா தூக்கவில்லை. மறுநாள் ஒரு வெள்ளைத் தாளை நாலாக மடித்து மேனேஜர் மேஜையில் வைத்தார். ராஜினாமாக் கடிதம்.

"என்னால ஒங்களுக்குச் சங்கடம் வேணாம் சார். நான் நின்னுக்கிறேன்."

அதுவரைக்கும் எங்களுக்கு இது ஒரு விளையாட்டு. அக்கா பயப்படுவார், நாங்கள் சிரிப்போம், சாயங்காலம் அவர் கொண்டுவந்த முறுக்கைப் பங்கு போட்டுத் தின்போம். அந்தத் தாளைப் பார்த்ததும் செல்வி அழுதுவிட்டார். அந்த அம்மாவுக்குப் பேச்சுத் துணைக்கு என்று இருந்ததே இந்த ஆபீஸ்தான். ரிட்டயர் ஆக நாலு வருஷம் இருந்தது. மேனேஜர் கடிதத்தை டிராயருக்குள் போட்டு மூடி, பார்க்காத மாதிரியே மூன்று வாரம் ஓட்டினார். ஹெட் ஆபீஸ் விடவில்லை. இந்த மாசக் கடைசிக்குள் முகம் பதியாதவர்களை நிறுத்திவிடும்படி உத்தரவு வந்தது.

அந்த மாசக் கடைசி நாளன்று, மத்தியானம் பன்னிரண்டு மணி வாக்கில், எக்காளம் ஊதியது.

எங்கள் எல்லோருடைய செல்போன்களும் ஒரே நேரத்தில் அலறின. மணி அடிக்கிற சத்தம் இல்லை. ஆம்புலன்சும் சங்கும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தின மாதிரி ஒரு சத்தம், கூடவே மேஜை அதிர்கிற நடுக்கம். சைலண்டில் போட்டிருந்த போனும் கத்தியது. முனியாண்டி தன் போனை மடியிலிருந்து பாம்பை உதறுவதுபோல் உதறிவிட்டு, செல்லு வெடிக்கப்போகுது, ஓடுங்க என்று கத்தினார். அவ்வளவுதான். போட்டது போட்டபடி, போனை எல்லாம் மேஜையிலேயே விட்டுவிட்டு, வாசலில் கழற்றிப் போட்டிருந்த செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கி ஓடினோம். பக்கத்துத் தறிக் கூடத்திலும் அதே கதை. கரண்டை நிறுத்திவிட்டு ஓடிவந்தவர்களில் யாரோ பூகம்பம் என்றார்கள். பழைய கட்டடங்கள் நெருக்கியடிக்கிற சந்து அது. இங்கே நிற்காதே, வெட்டவெளிக்குப் போ என்று ஒரு பெரியவர் சத்தம் போட, சந்து முழுக்க வைகைக் கரை ரோட்டுக்கு ஓடியது.

ஆற்றங்கரையில் வெறுங்காலோடு, தரை எப்போது ஆடும் என்று அரை மணி நேரம் நின்றோம். விஷயம் என்னவென்று பார்க்க எங்களிடம் போன் இல்லை. கடைசியில் வண்டியில் வந்த ஒரு போலீஸ்காரர்தான் சொன்னார்: வெள்ளம் புயல் வந்தால் சனங்களை எச்சரிப்பதற்காக அரசாங்கம் செய்து பார்த்த சோதனையாம். ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். சோதனை நடக்கப்போவதாக முதல் நாளே எல்லோருக்கும் மெசேஜ் வந்திருக்கிறது. லோன் வேணுமா என்று கேட்கிற மெசேஜ் என்று நினைத்து மேனேஜர் அதை அழித்திருக்கிறார். நாங்கள் எல்லோருமே அழித்திருந்தோம்.

பாதி வழியில்தான் செல்வி நின்று, "அக்கா எங்க?" என்றார்.

அக்காவை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஆபீசைப் பார்த்து ஓடினோம்.

அந்த அரை மணி நேரம் ஆபீசில் என்ன நடந்தது என்பதை அப்புறம் அக்கா சொல்லித்தான் அறிந்தோம். போன்கள் அலறியபோது அவர் பின்னால் பழைய ரசீது அடுக்கிய அறையில், கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது பட்டன் போன், அதுவும் கைப்பைக்குள் அணைந்து கிடந்தது. சுவரைத் தாண்டி அந்தச் சத்தம் வந்தபோது அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்திருக்கிறது. அடுத்த நிமிஷம் தறிச் சத்தம் நின்றது. செல்லூரில் பட்டப்பகலில் தறிச் சத்தம் நின்று அவர் கேட்டதே இல்லை.

கதவைத் திறந்து வந்திருக்கிறார். ஃபேன் சுற்றுகிறது. டீயில் ஆவி பறக்கிறது. செல்வியின் கம்ப்யூட்டரில் பாதி அடித்த லேபிள் நிற்கிறது. மேஜைக்கு மேஜை போன்கள் ஊதிக்கொண்டிருக்கின்றன. ஆள் ஒருவர்கூட இல்லை. பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்தால், எந்நேரமும் ஈ புக இடமில்லாத அந்தச் சந்து துடைத்துவிட்ட மாதிரி கிடக்கிறது. ஒரு மொபெட் சாய்ந்து கிடந்து அதன் பின் சக்கரம் சுற்றுகிறது. ஒரு நாய் மட்டும் தலையைத் தூக்கி அவரைப் பார்த்திருக்கிறது. தானும் அந்த நாயும்தான் மிச்சம் போல என்று அக்கா நினைத்திருக்கிறார்.

வாசலில் செருப்புகள். அத்தனை ஜோடியும் அப்படியே. செருப்பைப் போட்டுக்கொள்ளக்கூட நேரம் இல்லாமல், இமைக்கும் நேரத்தில் கர்த்தர் எடுத்துக்கொண்டார். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அக்கா அந்தச் செருப்புகளுக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டிருக்கிறார். அழுதிருக்கிறார். அப்புறம் எழுந்து, டீ கிளாஸ்களை ஒவ்வொன்றாக மூடி வைத்திருக்கிறார். ஏன் மூடினீர்கள் என்று பின்னால் கேட்டதற்கு, ஈ விழுந்துரும்ல என்றார்.

அந்த நேரம் பார்த்து லேண்ட்லைன் அடித்தது. பேசியவர் ஈரோட்டு ஜவுளி வியாபாரி ஒருவர். பண்டல் வரத் தாமதமானால் வசவோடுதான் பேச்சையே ஆரம்பிப்பார். அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தார். அவர் மூச்சு விட்ட இடைவெளியில் அக்கா மெதுவாகச் சொல்லியிருக்கிறார்:

"ஆபீஸ்ல யாரும் இல்லண்ணே. எல்லாரையும் கொண்டு போயிட்டாங்க."

"ஏனுங்க? எங்கீங்க கொண்டு போனாங்க?"

"மேல. நீங்களும் நானுந்தாண்ணே விடுபட்டுட்டோம்."

"நானுமா? நான் என்னங்க பண்ணுனேன்?"

"பண்ணாததுக்குத்தாண்ணே. இனிமே அழுது பிரயோசனம் இல்ல. தைரியமா இருங்க. யார் வந்து சொன்னாலும் கைய மட்டும் நீட்டிறாதீக."

முத்திரை குத்துவார்கள், வலது கையை நீட்டாதே என்பது அக்காவின் புத்திமதி. விலங்கு மாட்டுவார்கள் என்பது ஈரோட்டுக்காரருக்குப் புரிந்த அர்த்தம். மதுரைக் கிளையில் ரெய்டு, ஆபீசோடு அள்ளிக்கொண்டு மேலிடத்துக்குப் போய்விட்டார்கள், அடுத்தது நாம்தான் என்று முடிவு செய்து, மனுஷன் கடையின் ஷட்டரை இறக்கிவிட்டு எங்கள் ஹெட் ஆபீசுக்குப் போன் அடித்திருக்கிறார்.

இது எதுவும் தெரியாமல் நாங்கள் ஓடிவந்தோம். முதலில் படியேறியவர் மேனேஜர். காலில் செருப்பில்லை, வேட்டி முழுக்கப் புழுதி. கவுண்டரில் உட்கார்ந்திருந்த அக்கா அவரைப் பார்த்து எழுந்தார். அவர் பின்னால் செல்வி, செல்வி பின்னால் முனியாண்டி, கடைசியில் நான். ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் வாழ்க்கையில் எத்தனையோ அதிர்ச்சியடைந்த முகம் பார்த்திருக்கிறேன். செத்தவர் எழுந்து வந்தால் பார்க்கிற பார்வை அன்றைக்கு ஒரு நாள்தான் பார்த்தேன்.

"ஏன் சார்" என்றார், "திருப்பி அனுப்பிட்டாங்களா?"

பார்சல் ஆபீஸ் மேனேஜர் அல்லவா, திரும்பி வந்த பண்டலைத்தான் கேட்கிறார் என்று நினைத்து, எந்தப் பார்ட்டி அக்கா, எத்தனை பண்டல் என்று கேட்டார். அக்கா முனியாண்டியின் முழங்கையைப் பிடித்துப் பார்த்தார். சதைதான் என்று தெரிந்ததும் அப்படியே பெஞ்சில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் கொடுத்து, விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கினோம். ஈரோட்டுக்காரர் கட்டம் வந்தபோது செல்வி தரையில் உட்கார்ந்து சிரித்தார். முனியாண்டி தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சொர்க்கத்துக்குப் போகும்போது லுங்கியாவது மாத்தியிருப்பேனே அக்கா என்றார். எனக்கும் அடக்க முடியவில்லை. அக்காவே கண்ணைத் துடைத்துக்கொண்டு லேசாகச் சிரித்தார். மேனேஜர் மட்டும் சிரிக்காமல், மூடி வைத்த டீ கிளாஸ்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போது ஹெட் ஆபீஸ் போன் வந்தது. மேனேஜர் பழக்கப்படி நின்றுகொண்டே எடுத்தார். உங்களை எப்போது விட்டார்கள், வக்கீலை அனுப்பட்டுமா என்று அந்தப் பக்கம் ஒரு பெரிய அதிகாரி பதறினார். மேனேஜர் நடந்ததை விளக்கினார். அந்தப் பக்கம் முதலில் சிரிப்பு, அப்புறம் ஏச்சு. ஸ்பீக்கரில் போடாமலே எங்கள் எல்லோருக்கும் கேட்டது. முகம் பதியாத அதே பொம்பளைதானே, இன்றைக்குத்தானே கடைசி நாள், கடிதத்தை வாங்கிக்கொண்டு சாயங்காலமே அனுப்பிவிடு என்றார்.

மேனேஜர் நாற்காலியை இழுத்தார். உட்கார்ந்தார். ஹெட் ஆபீஸ் போனை அவர் உட்கார்ந்து பேசி நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"இல்ல சார். அனுப்ப முடியாது" என்றார். "நாங்க எல்லாரும் நேரா சொர்க்கத்துக்குப் போயிட்டோம்னு நெனச்சு அந்தம்மா அழுதுருக்காங்க. என் வீட்லயே என்னையப் பத்தி அப்படி நெனைக்க ஆள் கெடையாது சார். அவங்க பழையபடி நோட்டுல கையெழுத்துப் போடட்டும். சரின்னா சொல்லுங்க. இல்லைன்னா என் கடிதத்தையும் சேத்து அனுப்புறேன்."

மேனேஜர் நெற்றியில் வியர்வை வழிந்து பொட்டு கரைந்தது. கடைசியில், என்னமோ செய், அடுத்த இன்ஸ்பெக்‌ஷன் வரை பார்க்கலாம் என்று வைத்துவிட்டார்கள். அந்த இன்ஸ்பெக்‌ஷன் நான் வேலையை விடுகிறவரைக்கும் வரவில்லை. மேனேஜர் டிராயரைத் திறந்து, மடித்த தாளை எடுத்து அக்கா கையில் கொடுத்தார். அப்புறம் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். குழாய்ச் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

அதனால் எக்காளக்கா திருந்திவிட்டார் என்று நினைக்க வேண்டாம். மறு வாரமே, கேட்டதற்கெல்லாம் தமிழில் பதில் சொல்கிற ஏதோ ஒன்று செல்வியின் போனில் வந்திருப்பதைக் கேள்விப்பட்டு, மிருகத்துக்கு வாய் முளைத்துவிட்டது என்று மூச்சிரைக்க வந்து நின்றார். நாங்களும் பழையபடி சிரித்தோம். ஆனால் அவர் வருவதற்குப் பத்து நிமிஷம் தாமதமானால் ஆளாளுக்கு வாசலைப் பார்க்க ஆரம்பித்திருந்தோம்.

எக்காளம் ஊதிய அந்த மாசக் கடைசி நாள் சாயங்காலம் நான் அவரோடுதான் நடந்தேன். உசிலம்பட்டி பஸ் பிடிக்க நான் ஆரப்பாளையம் போகிற வழியில்தான் அவர் வீடு. வழியெல்லாம் தறிகள் மறுபடி ஓடிக்கொண்டிருந்தன. அவர் வீட்டு வாசலில் நின்று பூட்டைத் திறக்கும்போது எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, மேனேஜர் தெனம் கற்பூரம் காட்டுற ஆளு. முனியாண்டி அண்ணன் சனிக்கிழமையானா எந்தக் கோலத்துல வருவாருன்னு ஒங்களுக்கே தெரியும். நான் ஒங்க முன்னாலயே ஒங்களக் கேலி பண்ணுறவன். ஒங்க சபைல சொல்றதப் பாத்தா எங்கள்ல ஒருத்தனுக்கும் எடம் இல்ல. அப்பறம் எப்படிக்கா எங்களப் போயி எடுத்துருப்பாருன்னு நம்புனீங்க?"

சாவி பூட்டிலேயே நின்றது. இந்தக் கேள்வியை அவர் அதுவரை தன்னிடம் கேட்டுக்கொண்டதில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பார்கோடும் கேமராவும் தந்த அதிர்ச்சியைவிடப் பெரிய ஒன்று அந்த முகத்தில் வந்து, நின்று, மெல்ல இறங்கியது.

"அது எனக்குத் தோணவே இல்லயே தம்பி" என்றார். "ஆபீஸ் காலியா இருந்துச்சு. சரி, எல்லாரையும் கூப்பிட்டுக்கிட்டாரு போலன்னு நெனச்சேன். அம்புட்டுத்தான்."

பஸ்ஸுக்கு நேரமாகுது, பாத்துப் போங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய் விளக்கைப் போட்டார்.